மூன்று எழுத்து இருந்தது, கையெழுத்துப் போட ஆளில்லை: பிட்காயினுக்கு அதிகாரபூர்வக் குறியீடு தேடிய முயற்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

வங்கிகளின் செய்தி வலையமைப்பான ஸ்விஃப்டில், ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பச் சொல்லும் எம்டி103 செய்தியில் 32ஏ என்றொரு புலம் உண்டு. எல்லை தாண்டிப் போன பணத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக இந்த ஒரு வரிக்குள் புகுந்துதான் வெளியே வந்தது. வரியின் அமைப்பு இறுக்கமானது. முதலில் தேதிக்கு 6 இலக்கம், அடுத்து நாணயத்துக்கு 3 எழுத்து, அப்புறம் தொகைக்கு அதிகபட்சம் 15 இடம். "240315யூஎஸ்டி1000,00" என்று இடைவெளியே இல்லாமல் ஒட்டி வரும். 2024 மார்ச் 15, அமெரிக்க டாலர், ஆயிரம் என்று பொருள். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி.

நடுவில் நிற்கும் அந்த மூன்று எழுத்தைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. அங்கே இஷ்டத்துக்கு எதையும் எழுத முடியாது. ஒரு பட்டியலில் இருக்கும் குறியீடு என்றால்தான் செய்தி நகரும். 2009 ஜனவரி 3 அன்று அதன் பதிவேட்டின் முதல் தொகுதி (பிளாக்) உருவானது முதல் இன்றுவரை பிட்காயின் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. யாரும் முயலாமல் விட்டதால் அல்ல. முயன்றார்கள், நல்ல காரணங்களோடு முயன்றார்கள், இலக்கணச் சுத்தமான ஒரு குறியீட்டையும் கண்டுபிடித்தார்கள். அப்படியும் ஏன் நடக்கவில்லை என்பது, டிஜிட்டல் நாணயம் எதற்குக் குறியீடு தேர்ந்தெடுக்க உட்கார்ந்தாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை. அதனால் இந்த மூன்று எழுத்தோடு எனக்குத் தினசரிப் பழக்கம்.

பட்டியலின் இலக்கணம்

பட்டியலின் பெயர் ஐஎஸ்ஓ 4217. ஐஎஸ்ஓ என்பது உலகத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு. முதல் பதிப்பு 1978இல் வந்தது. விதி எளிமையானது: முதல் இரண்டு எழுத்து நாட்டுக்கு, மூன்றாவது எழுத்து பெரும்பாலும் நாணயத்தின் பெயருக்கு. நாட்டின் இரண்டெழுத்தை ஐஎஸ்ஓ 3166 என்ற இன்னொரு தரநிலை தருகிறது. இந்தியாவுக்கு ஐஎன், ரூபாய்க்கு ஆர், சேர்த்தால் ஐஎன்ஆர். சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயரிலிருந்து சிஎச், பிராங்குக்கு எஃப், சேர்த்தால் சிஎச்எஃப். ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண்ணும் உண்டு. டாலருக்கு 840, ரூபாய்க்கு 356. லத்தீன் எழுத்தைப் படிக்காத ஊரிலும், எழுத்தைக் கையாளத் தெரியாத பழைய இயந்திரத்திலும் அந்த எண் வேலை செய்யும்.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பணத்துக்கு என்ன வழி? அதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எக்ஸ் என்று தொடங்கும் இரண்டெழுத்துகளை எந்த நாட்டுக்கும் தருவதில்லை என்பது நாட்டுக் குறியீட்டுத் தரநிலையிலேயே இருக்கும் ஏற்பாடு. அதனால் எக்ஸ் தெருவில் குடியேறினால் நாளைக்கு ஒரு புது நாடு பிறந்து "இது என் இடம்" என்று வராது. தங்கம் அங்கேதான் இருக்கிறது: எக்ஸ்ஏயூ. வெள்ளிக்கு எக்ஸ்ஏஜி. பன்னாட்டு நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமைக்கு எக்ஸ்டிஆர். மத்திய ஆப்பிரிக்க நாடுகள் ஆறு சேர்ந்து பயன்படுத்தும் பிராங்குக்கு எக்ஸ்ஏஎஃப். நாணயமே சம்பந்தப்படாத பரிவர்த்தனைக்கு வெறும் எக்ஸ்எக்ஸ்எக்ஸ், எண் 999. யூரோவுக்கு முன்பிருந்த ஈசியூ என்ற கணக்கலகுகூட எக்ஸ்இயூ என்றுதான் இருந்தது. யூரோ வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்துக்கென இயூ என்ற இரண்டெழுத்தைத் தனியே ஒதுக்கிவைத்திருந்ததால் இயூஆர் ஆனது.

பூட்டானின் வாசலில்

பிட்காயினைப் புழங்கியவர்கள் ஆரம்பத்திலிருந்தே பிடிசி என்று எழுதினார்கள். யாரும் கூடி முடிவெடுத்ததாகச் சொல்ல முடியாது. சுருக்கினால் அப்படித்தான் வருகிறது, கையும் வாயும் அதற்குப் பழகிவிட்டன.

ஆனால் பட்டியலின் இலக்கணப்படி வாசித்தால் பிடிசிக்கு வேறு பொருள். முதல் இரண்டெழுத்தான பிடி, பூட்டானுக்கு உரியது. பூட்டானின் நாணயமான நுல்ட்ரம் பிடிஎன் என்று ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. எனவே பிடிசி என்று எழுதினால், பூட்டானின் ஏதோ இன்னொரு பணம் என்றுதான் அர்த்தம்.

"பூட்டானையும் பிட்காயினையும் யார் குழப்பிக்கொள்ளப் போகிறார்கள்?" என்று பலர் கேட்டதுண்டு. மனிதர்கள் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கேள்வி இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறது. முதலாவது, குறியீட்டின் முதல் இரண்டெழுத்தைப் பார்த்து நாட்டை ஊகிக்கும் நிரல்கள் நிறைய உண்டு. அப்படி எழுதக் கூடாதுதான், ஆனாலும் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் முக்கியம்: பூட்டானின் உரிமை. ஒரு நாடு தன் நாணயத்தில் பூஜ்யங்களை வெட்டிப் புது நாணயம் வெளியிடும்போது முதல் இரண்டெழுத்தை வைத்துக்கொண்டு மூன்றாவதை மாற்றும். மெக்சிகோ 1993இல் எம்எக்ஸ்பியிலிருந்து எம்எக்ஸ்என்னுக்குப் போனது. ரஷ்யா 1998இல் ஆர்யூஆரிலிருந்து ஆர்யூபிக்கு. துருக்கி 2005இல் டிஆர்எல்லிலிருந்து டிஆர்ஒய்க்கு. பழைய லிராவுக்கும் புதிய லிராவுக்கும் நடுவே 6 பூஜ்யம் வித்தியாசம். அந்த ஒற்றை எழுத்து மாறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே பிடி என்று தொடங்கும் 26 இடங்களும் பூட்டானின் சேமிப்பு. அதில் ஒன்றை வேறொருவர் எடுத்துக்கொள்வதைச் சிறிய நாடுதானே என்று அலட்சியமாகச் சொல்லக் கூடாது.

இதில் ஒரு விசித்திரம், பூட்டான் அரசின் முதலீட்டு நிறுவனமான ட்ருக் ஹோல்டிங் நீர்மின்சாரத்தில் கணினிகளை ஓட்டிப் புதுப் பிட்காயின் ஈட்டி (இதைத் தோண்டுவது என்பார்கள்) வருகிறது என்பது 2023இல் வெளியே தெரிந்தது. தன் எழுத்துகளைத் தாங்கிய நாணயத்தை அந்த நாடே சேர்த்து வைத்திருக்கிறது.

பிட்காயின் மட்டும் இப்படி என்று சொல்ல முடியாது, மற்ற கிரிப்டோ நாணயங்களின் குறிகளும் அப்படித்தான். ஈடிஎச் என்பதை அதே இலக்கணத்தில் வாசித்தால் எத்தியோப்பியா. எஸ்ஓஎல் சோமாலியா. ஏடிஏ அண்டோரா. எல்டிசி லித்துவேனியா. பின்னால் வந்த சிலர் எக்ஸ் தெருவைத் தேடிப் போனார்கள்: எக்ஸ்ஆர்பி, எக்ஸ்எல்எம், எக்ஸ்எம்ஆர். இவற்றுக்கும் பட்டியலில் இடம் கிடையாது. ஆனால் வேறொருவர் வாசலை மறிக்கவில்லை.

எக்ஸ்பிசி ஏன் ஆகவில்லை

இலக்கணத்தை மதித்தவர்கள் எக்ஸ் பக்கம் வந்தார்கள். எக்ஸுக்குப் பிறகு இரண்டெழுத்துக்குத்தான் இடம். பிட்காயின் என்ற பெயரில் பிட், காயின் என்று இரண்டு சொல் இருப்பதால் பியும் சியும் எடுத்து எக்ஸ்பிசி என்பதுதான் இயல்பான தேர்வு. ஆனால் அது காலியாக இல்லை. ஐரோப்பியக் கடன்பத்திரச் சந்தையில் ஒரு காலத்தில் புழங்கிய நான்கு கணக்கலகுகள் எக்ஸ்பிஏ தொடங்கி வரிசையாக நான்கு இடங்களைப் பிடித்திருக்கின்றன. எண்கள் 955 முதல் 958 வரை. எக்ஸ்பிசி அவற்றில் மூன்றாவது, 957. இன்றைக்கு அவற்றைக் கண்ணால் பார்த்த வங்கி ஊழியரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் பட்டியலில் இருப்பது இருப்பதுதான்.

அதனால் பிட் என்ற சொல்லின் முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் எடுத்து எக்ஸ்பிடி. காலி இடம், யாருக்கும் தொல்லையில்லை, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் பக்கத்து வீடு. பிட்காயினைத் தங்கத்தோடு ஒப்பிட விரும்பியவர்களுக்கு அந்த அண்டைவீட்டுத் தகுதியும் பிடித்திருந்தது. கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் கிராக்கன் சந்தை இதை ஏற்றுத் தன் உள்கட்டமைப்பில் எக்ஸ்எக்ஸ்பிடி என்று முன்னால் இன்னொரு எக்ஸையும் சேர்த்துக்கொண்டது. அங்கே முன்னெழுத்து எக்ஸ் என்றால் கிரிப்டோ, இசட் என்றால் அரசாங்கப் பணம். நிதித் தகவல் நிறுவனமான புளூம்பெர்க் தன் திரைகளில் எக்ஸ்பிடி என்று விலை காட்டியது. பிட்மெக்ஸ் என்ற இன்னொரு கிரிப்டோ சந்தையும் அதையே பின்பற்றியது.

குறியீடாகப் பார்த்தால் எக்ஸ்பிடிதான் சரி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

விண்ணப்பத்தில் யார் பெயர்?

ஐஎஸ்ஓ 4217 பட்டியலைப் பராமரிப்பது சூரிச்சில் இருக்கும் சிக்ஸ் என்ற நிதிச் சேவை நிறுவனம். புதுக் குறியீடு வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். வழக்கமாகப் போவது மத்திய வங்கிகளும், பல நாடுகளுக்குப் பொதுவான நிதி அமைப்புகளும்.

2014இல் பிட்காயின் அறக்கட்டளை நிதித் தரநிலைகளுக்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. ஐஎஸ்ஓ குறியீடு வாங்குவதும் எழுத்துருக்களில் நாணயச் சின்னத்துக்கு இடம் பெறுவதும் அதன் குறிக்கோள்களில் இருந்தன. அது மோசமான காலம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஒரு காலத்தில் மிகப்பெரிய பிட்காயின் சந்தையாக இருந்த மவுண்ட் காக்ஸ் விழுந்திருந்தது. அறக்கட்டளையே 2015இல் பணமில்லாமல் தள்ளாடியது.

ஆனால் பணமும் ஆளும் தாராளமாக இருந்திருந்தாலும் ஒரு சிக்கல் தீர்ந்திருக்காது. விண்ணப்பத்தில் யார் சார்பாகக் கையெழுத்துப் போடுவது? பிட்காயினை வெளியிடுபவர் என்று யாரும் இல்லை. அதை உருவாக்கியவரின் பெயராகச் சொல்லப்படும் சடோஷி நகமோட்டோ என்ற பெயருக்குப் பின்னால் யார் என்றே தெரியாது. அறக்கட்டளை ஆதரவாளர்களின் அமைப்பு, அவ்வளவே. நாளைக்கு நாணயத்தின் அலகு மாறினால், பெயர் மாறினால், இரண்டாகப் பிரிந்தால் பராமரிப்பு முகமைக்குக் கடிதம் எழுத வேண்டிய பொறுப்பு யாருக்கு?

அரசாங்கப் பணம் இல்லை என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று கிரிப்டோ பக்கம் அடிக்கடி வருத்தப்படுவார்கள். பட்டியலை வரி வரியாகப் படித்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சுவிட்சர்லாந்தில் 1934இல் தொடங்கிய விர் என்ற கூட்டுறவு வங்கி, சிறு தொழில்கள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் செய்துகொள்ள ஒரு தனிப் பணம் வைத்திருக்கிறது. அதற்கு ஐஎஸ்ஓ 4217இல் இடம் உண்டு: சிஎச்டபிள்யூ, எண் 948. விர் யூரோவுக்கும் தனியாக ஒன்று உண்டு. அரசாங்கமே வெளியிடாத, ஒரு கூட்டுறவு வங்கியின் கணக்கேடுகளில் மட்டும் வாழும் பணம். ஆனால் விர்ருக்கு முகவரி இருக்கிறது, கடிதம் போட்டால் பதில் வரும்.

இன்னொரு ஒப்பீடு இதைவிடத் தெளிவாக இருக்கும். அதே பணிக்குழுவின் பட்டியலிலிருந்த இரண்டாவது காரியமான நாணயச் சின்னம் நிறைவேறியது. இரண்டு செங்குத்துக் கோடு போட்ட பி எழுத்துக்கு இடம் கேட்டு கென் ஷெரிஃப் என்பவர் 2015இல், கணினி எழுத்துகளுக்கான தரநிலையை வகுக்கும் யூனிகோடு கூட்டமைப்புக்கு முன்மொழிவு அனுப்பினார். 2017 ஜூனில் வந்த யூனிகோடு 10.0இல் சின்னம் சேர்ந்தது. அதுவரை தாய்லாந்தின் பாட் சின்னத்தைக் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யூனிகோடு கேட்கும் கேள்வி, "மக்கள் இதை எழுதுகிறார்களா?" என்பது. அச்சிட்ட பக்கங்களைக் காட்டினால் போதும், எழுத்துக்குச் சொந்தக்காரர் தேவையில்லை. குறியீட்டுப் பட்டியலோ "இதற்குப் பதில் சொல்பவர் யார்?" என்று கேட்கிறது. ஒரே நாணயம் இரண்டு கதவைத் தட்டியது. ஒன்று திறந்தது.

எட்டு தசம இடம்

எழுத்துச் சண்டையிலேயே எல்லோரும் மூழ்கியிருந்ததால், பட்டியலின் இன்னொரு பத்தியைக் கவனித்தவர்கள் குறைவு. ஒவ்வொரு நாணயத்துக்கும் எத்தனை தசம இடம் என்றும் அங்கே எழுதியிருக்கும். யென்னுக்கு 0. டாலருக்கு 2. குவைத் தினாருக்கு 3. சிலி நாட்டின் யூஎஃப் என்ற கணக்கலகுக்கு 4. தங்கத்துக்குப் பொருந்தாது என்று போட்டிருக்கும். குறியீடு வாங்குவதென்றால் இந்த எண்ணையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பிட்காயினுக்கு 8. அதன் மிகச்சிறிய அலகுக்குச் சடோஷி என்று பெயர், ஒரு பிட்காயினில் 10 கோடி சடோஷி. மொத்தமே 2.1 கோடிக்குள் அடங்கும் பிட்காயின்.

இதைத் தொடக்கத்தில் பார்த்த 32ஏ புலத்தில் பொருத்திப் பார்ப்போம். 21000000,00000000 என்று எழுதினால் காற்புள்ளியோடு 17 இடம். புலத்தில் இருப்பது 15. மொத்தத்தையும் ஒரே செய்தியில் யாரும் அனுப்பப் போவதில்லை, சாதாரணத் தொகைகள் அடங்கிவிடும். ஆனால் எம்டி103க்குப் பின் வந்த ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய வடிவச் செய்திகளில் தொகைக்கு மொத்தம் 18 இலக்கம், அதில் தசமத்துக்கு அதிகபட்சம் 5. அப்படியானால் சொல்ல முடிந்த மிகச்சிறிய தொகை 0.00001 பிட்காயின், அதாவது 1,000 சடோஷி. அதற்குக் கீழே எழுத இடமே கிடையாது.

அப்போது சிலர் முன்வைத்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும். எக்ஸ்பிடி என்ற குறியீட்டை முழு பிட்காயினுக்குத் தராமல், அதன் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குத் தரலாம். அந்தப் பங்குக்குப் பிட் என்று பெயர். ஒரு பிட்டில் 100 சடோஷி. தசம இடம் 2. டாலர், யூரோவைக் கையாளும் எந்த மென்பொருளும் மாற்றமே இல்லாமல் ஏற்கும். மொத்த அளவு 21 லட்சம் கோடி பிட், 14 இலக்கம், தசமத்துக்கு 2, ஆக 16. ஐஎஸ்ஓ 20022இன் 18க்குள் கச்சிதமாக உட்காரும்.

பிடிக்கும் என்றாலும், அதை நடைமுறைப்படுத்தியிருந்தால் பெரும் ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குள் எக்ஸ்பிடி என்றால் ஒரு முழு பிட்காயின் என்று சந்தைகளும் விலைத் திரைகளும் பழக்கிவிட்டிருந்தன. ஒரே மூன்றெழுத்து, ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் பத்து லட்சத்தில் ஒன்று. துருக்கி புது லிராவுக்கு எழுத்தை மாற்றியது இந்தக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காகத்தான். அலகைப் பற்றிய பேச்சு குறியீட்டைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். வரிசை தலைகீழாகிவிட்டது.

ஒரு கணக்கில் நடந்தது

இது வெறும் ஏட்டுச் சிக்கல் என்று தோன்றக் கூடாது என்பதற்காக, நான் கையால் தொட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒருவருடைய ஆண்டுக் கணக்கு. அவருக்கு இரண்டு சந்தைகளில் கணக்கு இருந்தது. ஒரு சந்தையிலிருந்து இன்னொன்றுக்குத் தன் பிட்காயினையே மாற்றி வைத்திருந்தார், 0.0375. ஒரு கோப்பு பிடிசி என்று சொன்னது, மற்றது எக்ஸ்பிடி என்றது. கணக்கு மென்பொருள் இரண்டையும் இரு வேறு நாணயமாக எடுத்துக்கொண்டது. அதன் கண்ணில், பிடிசி என்ற ஒன்று போய் எக்ஸ்பிடி என்ற வேறொன்று வந்திருக்கிறது. ஒன்றை விற்று மற்றொன்றை வாங்கியதாகப் பதிந்து, இல்லாத லாபத்தைக் கணக்கிட்டு, அதை வரிக்குரிய பத்தியிலும் சேர்த்துவிட்டது. சட்டைப்பையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றியதை விற்பனை என்று சொல்லிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. அந்த மென்பொருளின் நாணயப் பட்டியலில் தசம இடத்துக்கு 2 என்று முன்கூட்டியே நிரப்பியிருந்தது. 0.0375 என்பது 0.04 ஆனது. 0.0025 பிட்காயின் எங்கிருந்தோ முளைத்தது. இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் சடோஷி, யாருடைய கையிலும் இல்லாதவை, பேரேட்டில் மட்டும்.

சரிசெய்ய அரை நாள் ஆனது. கண்டுபிடிக்கத்தான் நாலு நாள். அதிலிருந்து நான் எழுதும் எந்த மென்பொருளிலும் தொகையைச் சடோஷியில், முழு எண்ணாகத்தான் சேமிக்கிறேன். மூன்றெழுத்து திரையில் காட்டுவதற்கு மட்டும்.

சந்தை போட்ட முடிவு

2017 டிசம்பர் 10 அன்று சிகாகோவின் சிபிஓஇ சந்தை பிட்காயின் எதிர்கால ஒப்பந்தங்களைத் தொடங்கியது. சுருக்கக்குறி எக்ஸ்பிடி. ஒரு வாரம் கழித்து அதே நகரத்தின் சிஎம்இ தன் ஒப்பந்தங்களைத் தொடங்கியது. சுருக்கக்குறி பிடிசி. ஒரே ஊர், ஒரே சொத்து, ஒரே மாதம், இரண்டு பெயர். 2019 மார்ச்சில் சிபிஓஇ புது ஒப்பந்தங்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. சிஎம்இ தொடர்ந்தது. குறியீடு நன்றாக இருந்ததாலோ மோசமாக இருந்ததாலோ அப்படி நடக்கவில்லை, வணிகம் எங்கே போனது என்பதுதான் காரணம். ஆனால் விளைவு குறியீட்டிலும் படிந்தது.

எல் சால்வடோர் 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினைச் சட்டப்படியான பணமாக்கியபோது, இனி ஐஎஸ்ஓ மறுக்க முடியாது என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். இந்த எதிர்பார்ப்பில் ஒரு பிழை உண்டு. எல் சால்வடோர் அதற்கு முன்பே அமெரிக்க டாலரைப் பயன்படுத்தி வந்தது. அதற்காக டாலருக்குப் புதுக் குறியீடு வேண்டும் என்று கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. இன்னொருவர் பணத்தைத் தன் சட்டத்தில் ஏற்கும் நாட்டுக்கு அதற்குப் பெயர் வைக்கும் உரிமை வராது. 2025 ஜனவரியில் அந்தச் சட்டமும் தளர்த்தப்பட்டது.

அரசாங்கங்களே இறங்கினால்

மத்திய வங்கிகள் வெளியிடும் டிஜிட்டல் நாணயத்துக்கு விடை எளிது: பழைய குறியீடுதான். 2022 டிசம்பர் 1 அன்று சில்லறைப் புழக்கத்துக்குச் சோதனை முறையில் வந்த மின்ரூபாயும் ரூபாய்தான், அதற்கும் ஐஎன்ஆர்தான். நைஜீரியாவின் இநைராவும் பஹாமாஸின் மணல் டாலரும் அப்படியே. தாளில் இருந்தால் என்ன, திரையில் இருந்தால் என்ன, ஒன்றுக்கு ஒன்று மாறும் வரை நாணயம் ஒன்றே. தனிக் குறியீடு கொடுத்தால் நடுவில் ஒரு மாற்று விகிதம் இருக்கலாம் என்ற சந்தேகத்தை நாமே விதைத்ததாகும்.

இதற்கு நேர் எதிராகத் தலை சுற்றவைக்கும் ஒரு வரி பட்டியலில் உண்டு. வெனிசுவேலா 2021 அக்டோபரில் பொலிவாரிலிருந்து 6 பூஜ்யங்களை வெட்டியது. புது அலகுக்கு "டிஜிட்டல் பொலிவார்" என்று பெயர் சூட்டியது, விஇடி என்ற குறியீடும் 926 என்ற எண்ணும் கிடைத்தன. பெயரில்தான் டிஜிட்டல். அதற்குக் காகித நோட்டு உண்டு, உலோகக் காசும் உண்டு. பழைய விஇஎஸ்ஸும் பட்டியலில் பக்கத்திலேயே இருக்கிறது. பெயரை மட்டும் நம்பி டிஜிட்டல் நாணயம் தேடினால், மாட்டுவது இந்தச் சில்லறைக் காசாகத்தான் இருக்கும்.

மார்ஷல் தீவுகள் 2018இல் எஸ்ஓவி என்ற டிஜிட்டல் நாணயத்துக்குச் சட்டமே இயற்றியது. பன்னாட்டு நிதியம் அதே ஆண்டு வேண்டாம் என்று எச்சரித்தது. அது புழக்கத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் முதல் தடை பெயரிலேயே இருந்திருக்கும்: எஸ்ஓ என்பது சோமாலியா. தீவுகளுக்கு உரியது எம்எச். தனக்கென்று இரண்டெழுத்து வைத்திருக்கும் ஒரு நாடே, தன் நாணயத்துக்குப் பெயர் வைக்கும்போது அதைப் பார்க்க மறந்தது.

புதுப் பட்டியல்

ஐஎஸ்ஓவே வேறு வழி ஒன்றைத் திறந்திருக்கிறது. 2021இல் வெளியான ஐஎஸ்ஓ 24165, டிஜிட்டல் டோக்கன்களுக்கு 9 இடங்கள் கொண்ட அடையாளம் தருகிறது. எழுத்தும் எண்ணும் கலந்தது, கடைசி இடம் பிழை சரிபார்க்க. வாயால் சொல்ல முடியாது, நினைவிலும் நிற்காது. எந்த எழுத்துக்கும் பொருள் கிடையாது, எனவே யாருடைய நாட்டையும் மிதிக்காது. முக்கியமாக, நாணயத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்பதற்குப் பதில், அது பதிவாகும் சங்கிலியின் (பிளாக்செயின்) தொழில்நுட்ப விவரங்களைப் பார்க்கிறது.

பிளவு வரும்போது இதன் அருமை தெரியும். 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் பிரிந்தது. சில சந்தைகள் அதை பிசிஎச் என்றன, சில பிசிசி என்றன. அந்த பிசிசியோ பிட்கனெக்ட் என்ற வேறொன்றின் குறியாக ஏற்கெனவே இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் பிட்காயின் கேஷே இரண்டாகப் பிரிந்தபோது, பிசிஎச் என்ற பெயர் யாருக்குச் சேரும் என்பதைச் சந்தைகள்தாம் தீர்த்துவைத்தன. மூன்றெழுத்து மரியாதை சார்ந்த விஷயமாகிவிட்டால் பங்காளிச் சண்டையில்தான் முடியும்.

ஆனால் ஐஎஸ்ஓ 24165 மூன்றெழுத்தின் இடத்துக்கு வராது. கட்டணச் செய்தியின் நாணயப் புலத்தில் 9 இடத்தைத் திணிக்க முடியாது. அதனால் இரண்டு பட்டியலும் தனித்தனியே நடக்கின்றன. பிட்காயின் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை.

எக்ஸ் வரிசையில் புதிதாக வந்தவர்

அண்மையில் அந்தப் பட்டியலைத் திறந்து எக்ஸ் வரிசையை மறுபடி பார்த்தேன். எக்ஸ்பி என்று தொடங்கும் நான்கு பழைய கடன்பத்திர அலகுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, எக்ஸ்பிடி வந்திருந்தால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், நேராகக் கிழக்குக் கரீபிய டாலர். அதற்கடுத்து ஒரு புது வரி: எக்ஸ்சிஜி, கரீபியன் கில்டர், எண் 532. குராசோ, சின்ட் மார்ட்டன் என்ற இரண்டு சிறிய தீவு நாடுகள் 2025 மார்ச் 31 அன்று புழக்கத்துக்குக் கொண்டுவந்த பணம். நெதர்லாந்து ஆண்டிலிஸ் என்ற அரசியல் அமைப்பு 2010இலேயே கலைந்துவிட்டதால், அதன் எழுத்துகளைச் சுமந்த பழைய கில்டருக்குப் பதில் இது தேவைப்பட்டது. எக்ஸ் தெருவில் இடம் கேட்டார்கள், கிடைத்தது. இரண்டு தீவுக்கும் சேர்த்து ஒரு மத்திய வங்கி இருக்கிறது. விண்ணப்பத்தின் அடியில் அதன் பெயரை எழுத முடிந்தது.